பகலில் தூங்குகிறவர்களின் சத்திரம்

கலாவதி அக்கா வீட்டுக் கதவை விரல் நுனியால் தட்டினேன். எதிரே சத்திரத்தின் பின்பக்க ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இடுப்பில் பாப்பா. ஒரே ஓட்டமாக ஓடி வந்திருந்தேன். ஆனாலும் விரல் நுனியால்தான் தட்டினேன்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. அக்கா உதட்டை மட்டும் அசைத்து, "இன்னாடி?" என்றாள்.

"அக்கா, சத்திரத்துல..." என்று நானும் கிசுகிசுத்தேன்.

அவள் கண் பளிச்சென்று விரிந்தது. வெளியே வந்து கதவை ஓசையில்லாமல் சாத்தினாள். என் காதருகே குனிந்து கேட்டாள்:

"சத்திரத்துலயா? யாரு கூட?"

எங்கள் தெருவில் காலையில் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். ஆனால் ஒருத்தி வீடு தேடி வந்து காதில் கிசுகிசுத்தால், அது யாரோ யாரோடோ பேசிய கதையாகத்தான் இருக்கும். அக்கா மேல் தப்பில்லை.

"ஐயோ அக்கா, பொகை! பொகை வருது!"

அப்போதும் நான் கத்தவில்லை. அக்காவும் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, இருவரும் நுனிக்காலில் நடந்துபோய்ப் பார்த்தோம்.

போன இதழில் பாப்பாவுக்குப் பால் மறக்கடித்த கதையைப் பாதியில் விட்டிருந்தேன். வேப்பெண்ணெயா, பாகற்காயா என்று கேட்டு எழுதிய சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் சத்திரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு வேறெதுவும் எழுத வராது.

எங்கள் தெருவின் சட்டம்

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், பழைய கல்கத்தா ரோட்டிலிருந்து பிரியும் தெரு எங்களுடையது. முக்கால்வாசி ஆண்கள் கம்பி மில்லில் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவர்களைத் தெருமுனையில் இறக்கிவிடும் நேரத்தில்தான் எங்கள் வீடுகளில் இட்லிப் பானை ஆவி விடும்.

அவர்கள் தூங்க வேண்டும். அதனால் தெரு வாயை மூடிக்கொள்ளும்.

நான் திருவாலங்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுவிட்டேன். அது சுழன்று சுழன்று அடங்குவதற்குள் மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன. யாரும் திட்டவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து அடுத்த வாரமே பிளாஸ்டிக் தட்டு வாங்கிவிட்டேன்.

இங்கே கீரைக்காரம்மா கூவமாட்டார்; வாசலில் நின்று கீரைக்கட்டை உதறுவார். பழவேற்காட்டிலிருந்து வரும் மீன்காரர் கேட்டில் எடைக்கல்லால் மெல்ல இரண்டு தட்டு தட்டுவார். குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய் அடுப்பை அணைப்போம். எங்கள் பாப்பாவின் கொலுசில் மணி கிடையாது. அது அழுதால் தூக்கிக்கொண்டு ரயில்வே லைன் வரைக்கும் நடந்துவிடுவேன்.

படித்த பெண், இதற்கெல்லாம் இப்படிப் பயப்படலாமா என்று என் அம்மா கேட்பாள். தெரியவில்லை. ஆனால் என் பயம் ஜன்னல்களைப் பற்றியது மட்டுமில்லை.

என் கணவர் வினோத் நிற்கும் இடத்தில், ரோலரிலிருந்து செக்கச் சிவந்த கம்பி பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வரும். நீளமான இடுக்கியால் அதைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். கண் சொக்கினால் போச்சு. அவர் வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு, பகலில் அவர் தூங்குவதுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் தூங்க முடியாது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. வெயில் ஏறிவிட்டால் தோசைக்கல்லுக்கு அடியில் படுத்த மாதிரி இருக்கும். தெருவில் எல்லா வீடும் அப்படித்தான்.

சத்திரம் ஒன்றைத் தவிர.

யாரோ கட்டியது

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் நடந்துபோனவர்கள் தங்குவதற்காகத் தெலுங்கு வியாபாரி ஒருவர் கட்டியது என்பார்கள். வாசலுக்கு மேலே ஒரு கல்வெட்டு உண்டு. பாதி எழுத்து தேய்ந்துவிட்டது, மீதி தெலுங்கு. அன்னதானம் பற்றியது என்று ஒருவர் சொல்வார். நிலம் எழுதிவைத்த விவரம் என்று இன்னொருவர். கலாவதி அக்காவைக் கேட்டால், "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்கோன்னு எய்திகிது" என்பாள்.

முன்னால் கல்தூண்கள் வைத்த பெரிய கூடம். கை நீட்டி அளந்தாலும் போதாத பருமனான சுவர்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மேல்தளம். கீழே கருங்கல் தரை. சித்திரை வெயிலில்கூட அந்த வாசலைத் தாண்டினால் பானைத் தண்ணீரில் கை விட்ட மாதிரி இருக்கும். பின்னால் ஓடு போட்ட ஓர் அறை. அதில் திருவிழாப் பந்தல் மூங்கில், பழைய பேனர்கள், தெர்மாகோலில் செய்த தேர் எல்லாம் அடைந்து கிடக்கும்.

காசிக்கு நடப்பவர்கள் நின்றுபோய், மில்கள் வந்த பிறகு, நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் அங்கே போய்ப் படுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். காலையில் சாப்பிட்டதும் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் போவார்கள். நாங்கள் வாசலில் நின்று அனுப்பிவைப்போம். பெண்கள் அந்த நேரத்தில் உள்ளே போகும் வழக்கமில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள். இருபது முப்பது பேர் இருப்பார்கள். என் கணவரும், கலாவதி அக்காவின் கணவர் ஏழுமலை மாமாவும் அவர்களில் இருந்தார்கள்.

"நெருப்பு" என்று கத்தினேன்

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன்.

பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது தெர்மாகோல் தேர் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையில்தான் செல்போன் சார்ஜ் போடும் பலகை இருந்தது. ஒரே பலகையில் ஊர்ப்பட்ட வயர். மூங்கில் படார் படாரென்று வெடித்தது. பேனரில் பிடித்த தீ கருப்புப் புகையாகக் கூடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்தது ஒரு மரக்கதவு மட்டும்தான்.

அக்கா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கேயும் கிசுகிசுப்பு. அந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். தெரு முழுக்கப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள்! சத்தமே இல்லை! ஒருத்தி குடத்தைத் தரையில் வைக்கும்போதுகூட அடியில் கை கொடுத்து வைக்கிறாள். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வருகிறது.

நான் வாசலுக்கு ஓடினேன். உள்ளே பார்த்தேன். இருட்டில் வரிசையாகப் பாதங்கள். மேலே தளத்தை ஒட்டிப் புகை மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் என் கணவர், வாய் லேசாகத் திறந்து, நிம்மதியாகத் தூங்குகிறார்.

எழுப்பலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். ஆமாம், யோசித்தேன்! இன்னும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாரே என்று.

பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன்.

"நெருப்பு! நெருப்பு! எழுந்திரிங்க!"

அந்தத் தெருவுக்கு நான் வந்த நாளிலிருந்து என் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. பாப்பா திகைத்துப்போய் என் முகத்தைப் பார்த்தது.

ஒருவரும் அசையவில்லை.

மறுபடி கத்தினேன். ஏழுமலை மாமா புரண்டு படுத்தார். கோடியில் யாரோ, "ஆமா ஆமா, நெருப்புதான்" என்று தூக்கத்திலேயே சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். ராத்திரி முழுக்க நெருப்போடு நெருப்பாக நிற்கிறவர்கள். அந்த வார்த்தை அவர்களுக்குச் செய்தியே இல்லை.

நான் உள்ளே ஓட ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன். இடுப்பில் பாப்பா இருப்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் கலாவதி அக்கா என்னை இழுத்து ஓரமாக நிறுத்தினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இரண்டு கையையும் வாசல் நிலையில் ஊன்றிக்கொண்டு ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள்:

"யோவ்! பஸ்ஸு வந்துட்ச்சி! பஸ்ஸு கெளம்பினுகிது!"

அவ்வளவுதான். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள்!

அடுத்த கணம் என்னைத் தள்ளிக்கொண்டு ஒரு கூட்டம் வெளியே பாய்ந்தது. லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, சிலர் தலையணையோடு, புகைக்கு நடுவே ஓடினார்கள். புகையை ஒருவராவது பார்க்க வேண்டுமே! என் கணவர் என்னைத் தாண்டி ஓடும்போது, "ஏன் முன்னாடியே எழுப்பல? டிபன் பாக்ஸ் எங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.

தெருமுனை வரைக்கும் ஓடி, பஸ் நிற்கும் இடத்தில் மூச்சு வாங்க நின்று, வெறும் ரோட்டைப் பார்த்தார்கள்.

"பஸ்ஸு எங்கமே?" என்று ஏழுமலை மாமா அங்கிருந்தே கத்தினார்.

"பஸ்ஸாவது மண்ணாவது! திரும்பிப் பாருய்யா!" என்று அக்கா இங்கிருந்து கத்தினாள்.

திரும்பினார்கள். ஓட்டின் இடுக்குகளிலிருந்து தீ நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளை மனிதர்கள்

ஓடியதைவிட வேகமாகத் திரும்பி வந்தார்கள். நான் முதலில் அவரைத் தொட்டுப் பார்த்தேன். கை, முகம், தோள். "ஒண்ணுமில்லம்மா, தள்ளு" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார்! எனக்கு எப்படியிருக்கும்? போகாதீங்க என்று சட்டையைப் பிடிக்கலாம் என்றால் சட்டையே போடவில்லை.

முதலில் தலையை எண்ணினார்கள். ஆள் எல்லாம் வெளியே என்றதும், எங்கிருந்தோ சாக்குகள் வந்தன. எதிரே கடை வைத்திருக்கும் பாய் மோட்டாரைப் போட்டு பைப்பை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைப் பெண்கள் கூடையில் அள்ளிக் கொடுத்தோம். நடுக்கதவைத் தீ தொட்டுவிட்டால் கூடத்து உத்திரம் பிடித்துவிடும். அதனால் ஆண்கள் ஈரச் சாக்கைக் கதவின் மேல் அறைந்து அறைந்து ஒட்டினார்கள். காய்ந்ததும் உரித்துவிட்டு அடுத்தது. வெளிப்பக்கம் நாலைந்து பேர் நீளக் கம்பியால் எரியும் மூங்கில்களைக் கொக்கி போட்டு இழுத்து எறிந்தார்கள்.

"இழு நைனா, இழு!"

"வருது வருது, ஒதுங்கு!"

"ஏய், அது என் தலகாணி! அத்த ஏன்டா தண்ணில நனைக்கிற?"

அத்தனை வருடம் அடக்கிவைத்த சத்தமெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பெண்கள் விசிலடித்தோம். நானும் அடித்தேன் என்று சொன்னால் என் மாமியார் நம்பமாட்டார்.

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து தண்ணீரைப் பீய்ச்சியபோது, பின்னறைக் கூரை ஒரேயடியாகக் கீழே இறங்கியது. திம்மென்று நிலம் அதிர்ந்தது. பழைய சுண்ணாம்பு வெண்புகையாக எழுந்து எல்லோர் மேலும் படிந்தது. அது அடங்கியபோது, வெள்ளையடித்த மனிதர்கள் வெள்ளையடித்த தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். யார் யாருடைய கணவர் என்று பேசினால்தான் தெரிந்தது.

கூடம் அப்படியே நின்றது. நடுக்கதவு கரிந்துபோயிருந்தது. ஆனால் அதைத் தாண்டித் தீ வரவில்லை.

நாங்கள் கைதட்டினோம். அப்போதுதான் கலாவதி அக்காவுக்கு அது உறைத்தது. மாமாவிடம் திரும்பினாள்.

"யோவ், இவ அந்தக் கத்து கத்தினா. காதுல விழலயா?"

"மில்லுல இருக்கிற சத்தத்துக்கு இது இன்னா சத்தம்? இடி வியுந்தாலும் தூங்குவோம்."

"அப்ப இத்தினி வருசமா நாங்க வாயப் பொத்திக்கினு கெடந்தது?"

மாமா நெற்றிச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு, "நாங்களா சொன்னோம்? உங்களுக்குள்ள ஏதோ சண்ட, அதான் பேசாம கீறீங்கன்னு நெனச்சினு இருந்தோம்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே அக்கா தன் குக்கரை முழு விசில் விட்டுச் சமைத்தாள். எனக்கு இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை.

கயிறு கட்டிய வாசல்

மறுநாள் காலை பஞ்சாயத்துக்காரர்கள் சத்திர வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். அபாயம், உள்ளே போகாதீர் என்று ஒரு அட்டை. தலையணையோடு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைக்கவே பிடிக்கவில்லை. ஷீட்டுக்குக் கீழே அவர் புரண்டு புரண்டு படுப்பார். ஈரத் துண்டைத் தரையில் விரித்துப் போடுவேன். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். ஃபேன் அடுப்புக்காற்றை வீசும். பாப்பாவை வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவேன், தூக்கம் கெடுவது அதனாலில்லை என்று தெரிந்தும். எதற்கு என்றே தெரியாமல் எல்லாம் செய்தேன்.

ஒரு காலையில் அவருடைய கையுறையைத் துவைக்க எடுத்தேன். கட்டைவிரல் நுனி கருகி ஓட்டை விழுந்திருந்தது.

"என்ன இது?"

"ஒண்ணுமில்ல. கம்பி கொஞ்சம் உரசிடுச்சு."

"கண்ணு சொக்கிச்சா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்த ஓட்டைக்குள் என் விரலை விட்டுப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

அந்த வாரம்தான் பஞ்சாயத்து அனுப்பிய இன்ஜினீயர் வந்தார். சின்ன வயதுப் பையன் மாதிரி இருந்தார். கையில் ஃபைல், முதுகில் பை. சுற்றிப் பார்த்தார். "மொத்தமா இடிச்சிடறதுதான் சேஃப். ரிப்போர்ட் அப்படித்தான் போடணும்" என்றார்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். பயிற்சி இல்லாததால் யார் சொல்வதும் யாருக்கும் புரியவில்லை.

கலாவதி அக்கா கையை உயர்த்தி எங்களை அடக்கினாள். "சார், எய்தறத எய்திக்கோ. ஆனா வெயில்ல நின்னு எய்தாத. இந்தப் பொண்ணு ஊடு தான் பக்கத்துல. உக்காந்து மோர் குடிச்சிட்டு எய்து" என்று அழைத்து வந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை!

நடு மத்தியானம். என் கணவர் தூங்க முடியாமல் எழுந்து வெளியே போயிருந்தார்; அந்தப் பாயில் இன்ஜினீயரை உட்கார வைத்தோம். மோர் கொடுத்தேன். விருந்தாளியை இப்படிச் செய்யலாமா, பாவமில்லையா என்று எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஃபைலைத் திறந்தார். நெற்றி வியர்வை காகிதத்தில் சொட்டியது. துடைத்தார். மறுபடி சொட்டியது. தலைக்கு மேலே ஷீட் டிக் டிக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"வெளிய உக்காந்துக்கலாமே" என்றார்.

"இருங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ராத்திரியெல்லாம் மில்லுல நின்னுட்டு வந்து எங்க வீட்டுக்காரர் இங்கதான் படுக்கிறார். நீங்க கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் பாருங்க." கையுறையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "தூங்காம போனா இப்படித்தான் ஆகுது. இன்னிக்கு கையுறை."

அவர் கையுறையைப் பார்த்தார். மோரைக் குடித்து முடித்தார். எழுந்து நேராகச் சத்திரத்துக்குப் போய், கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தார். நாங்கள் வாசலில் நின்றோம். சுவரைத் தட்டினார். உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அடே, உள்ள ஜில்லுனு இருக்கே" என்றார்.

"அத்ததான் சார் நாங்களும் சொல்லிகினு கீறோம்" என்றாள் அக்கா.

புது ஷிஃப்ட்

பெரிய இன்ஜினீயரும் ஒரு தடவை வந்து பார்த்தார். பின்னறையை அப்புறப்படுத்த வேண்டும், நடுச்சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், கூடத்துக்குள் வயர், பிளக் எதுவும் இருக்கக் கூடாது என்று எழுதினார்கள். கடைசியாக ஒரு நிபந்தனை: ஆட்கள் தூங்கும்போது விழித்திருக்கிற ஒருவர் வாசலில் இருந்தாக வேண்டும்.

யார் இருப்பது? பகல் ஷிஃப்ட்காரர்கள் மில்லில். மற்றவர்கள் உள்ளே தூக்கத்தில். நாங்கள்தான் மீதி.

"நம்ம டூட்டி" என்றாள் அக்கா. ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் என்று பெண்களைப் பிரித்தாள்.

கயிறு அவிழ்த்த நாளில் முதல் ஷிஃப்ட் எனக்கு வந்தது. பாப்பா முந்தின இரவு முழுக்கப் பல் வலியில் சிணுங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள அக்கா மகளிடம் விட்டுவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். உள்ளே குறட்டை. நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். முட்டுக் கொடுத்த கட்டை நகர்ந்த மாதிரி இருந்தது, நகரவில்லை. புகை வாடை அடித்தது; அது பழைய கரி. அவர் அசையாமல் கிடந்தார். மூச்சு வருகிறதா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்தது.

எப்படியோ கையைக் கிள்ளிக் கிள்ளி உட்கார்ந்திருந்தேன். அக்கா மாற்றிவிட வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி மூஞ்சி இப்டி கீது? நீ கடைசியா எப்ப தூங்கின?"

யோசித்தேன். பாப்பா பிறப்பதற்கு முன்னால் என்று சொன்னால் சிரிப்பாள் என்று தோன்றியது.

"அந்தக் கோடியில பொடவ கட்டி மறச்சி வெச்சிகிறேன். போய்ப் படு."

"இல்லக்கா. வீட்டுல பாத்திரம் அப்படியே கிடக்கு. பாப்பா வேற..."

"பாத்திரம் எங்க, ஓடியா போவப் போவுது? பாப்பா என் பொண்ணுகிட்ட நல்லா வெளையாடினுகிது. போடி."

"யாராவது ஏதாவது சொல்வாங்கக்கா."

"யாரு சொல்றது? எல்லாம் தூங்கினு கீறானுங்க."

தயங்கித் தயங்கித்தான் போனேன். புடவைத் திரைக்குப் பின்னால் பாய்கூட இல்லாமல் தரையில் படுத்தேன். கருங்கல்லின் குளிர்ச்சி முதுகில் ஏறி, தோளுக்கு வந்து, கழுத்து வரைக்கும் பரவியது. அடடா, இத்தனை நாளும் தினம் தினம் இதையா அவர் அனுபவித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஒரு கோபம் வந்தது. முழுதாகக் கோபப்படுவதற்குள் தூங்கிப்போனேன்.